சஞ்சீவி விரியவில்லை, பச்சை வரவில்லை, அழுகுகிறது: மலை ஊரில் செடியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

கொடைக்கானல் வட்டாரத்தில் நர்சரி வைத்திருப்பவர்களிடம் சஞ்சீவிச் செடியோடு வந்து நிற்பவர்கள் கேட்பது சுற்றிச் சுற்றி ஆறேழு கேள்விதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். மேலிருந்து கீழ்வரை படிக்க வேண்டியதில்லை. உங்கள் செடியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், புதுச் செடி வாங்க வேண்டிய நிலைமை கடைசியில் வரும்.

ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், கீழே இருக்கும் பாதிப் பதில்கள் இதிலிருந்துதான் வருகின்றன. இது காய்ந்த பாறைமேல் வளர்ந்து பழகிய செடி, தண்ணீர் இல்லாவிட்டால் சுருண்டு காய்ந்து கிடக்கும், நனைந்தால் விரிந்து மறுபடி பச்சையாகும். மொடமொடவென்று காய்ந்தாலும் தாங்கும், சொட்டச் சொட்ட நனைந்தாலும் தாங்கும். காயவும் விடாமல் நனையவும் விடாமல் வாரக்கணக்கில் நசநசவென்று வைத்தால்தான் போய்ச் சேரும். நம் மலையில் ஜூனில் சாரல் பிடித்தால் டிசம்பர் வரை, மழை விட்ட நாளில்கூட மதியத்துக்கு மேல் மேகம் இறங்கி, அந்த நசநசப்பு இலவசமாகவே கிடைக்கும். மதுரையிலும் திண்டுக்கல்லிலும் இதை வளர்ப்பவர்கள் சொல்லும் யோசனைகளை அப்படியே இங்கே செய்தால் சரிவராது.

## முதலில்: கையில் இருப்பது சஞ்சீவிதானா?

சஞ்சீவி என்று சொல்லி நான்கு விதமான பொருள் வருகிறது. இதைப் பார்க்காமல் கீழே போகாதீர்கள்.

### கொத்தாக இருந்தால்

கம்பிபோல் கெட்டியான தண்டு, அதிலிருந்து தனித்தனியாகக் கிளைகள், ஒவ்வொன்றும் உள்பக்கமாகச் சுருண்டு வெளியே பழுப்பும் பொன்னிறமுமாக இருந்தால் அது செலாஜினெல்லா பிரையோப்டெரிஸ். நம் நாட்டுச் சஞ்சீவி இதுதான். விந்தியம், சாத்பூரா, ஆரவல்லிப் பக்கத்துப் பாறைகளில் வளர்வது. அங்கிருந்து பறித்துக் காயவைத்து மூட்டை மூட்டையாக அனுப்புகிறார்கள், நமக்குத் திருவிழாக் கடையிலும் மூலிகைத் தட்டிலும் வந்து சேர்கிறது.

### ஒரே உருண்டையாக இருந்தால்

கைக்குள் அடங்கும் பந்தாக, அடியில் வேர்க்கற்றையோடு இருந்தால் செலாஜினெல்லா லெபிடோஃபில்லா. மெக்சிகோவின் சிவாவா பாலைவனத்துக்காரர். ஆன்லைனில் ஜெரிகோ ரோஜா என்று பெயர் போட்டு விற்கிறார்கள். இதற்கும் கொத்துச் செடிக்கும் பராமரிப்பு ஏறக்குறைய ஒன்றுதான், கீழே சொல்வது இரண்டுக்கும் பொருந்தும்.

### இலையே இல்லாத குச்சிப் பந்தாக இருந்தால்

அது அனஸ்டாட்டிகா. மக்கா, மதீனா போய் வருபவர்கள் கொண்டுவரும் மரியம் பூ இதுதான். கடுகுக் குடும்பத்துச் செடி, செலாஜினெல்லாவுக்கும் அதற்கும் உறவே இல்லை. தண்ணீரில் போட்டால் அழகாக விரியும். ஆனால் அது ஏற்கெனவே செத்து மரத்துப்போன செடி, எத்தனை நாள் ஊறினாலும் பச்சை வராது. கவலைப்படாமல் காயவைத்து எடுத்து வைத்துவிடுங்கள்.

### காயாமல் பச்சைப்பசேலென்று தொட்டியில் விற்றிருந்தால்

இது நான்காவது ஆள். இவர் வேறு செலாஜினெல்லா, காயவிட்டால் திரும்ப வரமாட்டார். "காயவிட்டேன், திரும்பி வரவே இல்லை" என்ற தலைப்பைப் பாருங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் ஒரு பூதக்கண்ணாடி போதும். ஊறிய கிளை ஒன்றைத் தட்டையாக வைத்து மேலிருந்து பாருங்கள். செதில் செதிலாகச் சின்ன இலைகள் நான்கு வரிசையாக இருக்கும்: இரண்டு பக்கமும் பெரிய இலைகள் ஒவ்வொரு வரிசை, நடுவில் முதுகோடு ஒட்டினாற்போல் சின்ன இலைகள் இரண்டு வரிசை. அந்த நடு வரிசை கண்ணில் பட்டால் செலாஜினெல்லாதான், சந்தேகமே வேண்டாம்.

## தண்ணீரில் போட்டும் விரியவில்லை

தண்ணீர் சில்லென்று இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் நம் குழாய்த் தண்ணீரில் நாமே கை வைக்கத் தயங்குகிறோம், செடி மட்டும் எப்படி உடனே விரியும். கை பொறுக்கும் வெதுவெதுப்பில் தண்ணீர் எடுத்து அதில் போடுங்கள். கீசரில் இருந்து ஆவி பறக்கப் பிடித்து ஊற்ற வேண்டாம், வெந்துவிடும். நல்ல செடி சில மணி நேரத்தில் பாதி திறந்துவிடும். முழுதாக விரிய ஒரு நாள் விடுங்கள். அதற்குள் நாலு தடவை கையால் பிரித்துப் பார்க்காதீர்கள், காய்ந்த கிளை சட்டென்று ஒடியும்.

மிதக்கிறது. காய்ந்த செடி எடையே இல்லாமல் இருப்பதால் தண்ணீர்மேல் மிதந்து அடிப்பக்கம் மட்டும் நனையும். ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து வைத்து மூழ்கவிடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தட்டை எடுத்துவிடலாம், அப்புறம் அதுவே கீழே நிற்கும்.

கட்டு போட்டிருக்கிறது. சிரிக்காதீர்கள், இது நிறைய நடக்கிறது. கொத்தை விற்பவர்கள் அடித்தண்டைச் சுற்றி நூலோ மெல்லிய கம்பியோ கட்டியிருப்பார்கள், அது கிளைகளுக்குள் புதைந்து வெளியே தெரியாது. விரலால் தடவிப் பார்த்து அறுத்துவிடுங்கள்.

மேலே ஏதோ பூசியிருக்கிறது. அலங்காரத்துக்கு விற்கும் உருண்டைகளில் வார்னிஷோ தங்க நிறப் பெயின்டோ அடித்திருக்கலாம். காய்ந்த கிளைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே இறங்கினால் சரி. முத்தாக உருண்டு நின்றுகொண்டே இருந்தால் பூச்சு இருக்கிறது. அதைக் கழுவி எடுக்கும் வழி எதுவும் இல்லை, அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டாலே பொடிகிறது. பழைய சரக்கு. வருடக்கணக்கில் கடையில் கிடந்தது. ஒரு தடவை ஊறப்போட்டுப் பாருங்கள், நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் நம்பிக்கை வைக்க வேண்டாம்.

## விரிந்தது, ஆனால் பச்சை வரவில்லை

இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள், விற்பவர்களும் இதை வைத்துத்தான் விற்கிறார்கள். செத்த சஞ்சீவியும் விரியும். நார் ஊறி நிமிர்வதுதான் விரிவது, அதற்கு உயிர் தேவையில்லை. கடைக்காரர் உங்கள் கண் முன்னால் தண்ணீர் தெளித்து விரித்துக் காட்டினால் அது செடி உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி இல்லை.

### இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லை

பொறுங்கள். முதல் நாள் தண்ணீர் டீ நிறத்தில் இறங்கும், அது எல்லாச் செடிக்கும் நடப்பது. கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றுங்கள். உயிருள்ள செடியில் நடுவில் இருக்கும் இளங்கிளைகள் இரண்டாம் நாளுக்குள் மங்கலான பாசி நிறத்தில் இருந்து தெளிவான பச்சைக்கு வந்துவிடும்.

### நடுவில் பச்சை, ஓரமெல்லாம் பழுப்பு

இது நோய் இல்லை, வயது. வெளிவட்டக் கிளைகள் கிழவாகிச் செத்திருக்கும், நடுவில் உயிர் இருக்கும். பழுப்புக் கிளைகளை வெட்ட வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன், காயும்போது அவைதான் உள்ளே இருப்பதை வெயிலில் இருந்து மூடிக் காக்கின்றன. பார்க்க நன்றாக இல்லை என்று கத்தரித்துவிட்டு அடுத்த மாதம் நடுவும் போய்விட்டது என்று வருபவர்கள் உண்டு.

### முழுக்கப் பழுப்பு, தண்ணீரும் கலங்குகிறது

மூன்று நாள் தண்ணீர் மாற்றியும் ஒவ்வொரு நாளும் சாயம் இறங்கிக்கொண்டே இருந்து, நடுப்பகுதி வெளிர் வைக்கோல் நிறத்தில் தொளதொளவென்று இருந்தால் உயிர் இல்லை. உரம் போட்டோ வெயிலில் வைத்தோ இதை எழுப்ப முடியாது.

### அளவுக்கு மீறிய பச்சை

தண்ணீரும் பச்சையாக இறங்கி விரலிலும் ஒட்டினால் சாயம் போட்ட அலங்காரப் பொருள். இதையும் உயிருள்ள செடி என்று நினைத்து மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றுகிறார்கள், பாவம்.

வாங்கும் முன்னாலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. இந்தச் செடி காய்ந்தாலும் பச்சையத்தை முழுதாக இழப்பதில்லை, உள்ளே பத்திரப்படுத்தி வைத்திருக்கும். அதனால் காய்ந்த கொத்தில் நடுக் கிளை ஒன்றை லேசாக, ஒடியாத அளவுக்கு விலக்கி, சுருளின் உள்பக்கத்தைப் பாருங்கள். மங்கின பாசிப்பச்சை தெரிந்தால் வாங்குங்கள். உள்ளும் புறமும் ஒரே வைக்கோல் நிறம் என்றால் கடைக்காரர் என்ன சத்தியம் செய்தாலும் வேண்டாம்.

## பச்சையாகி, கொஞ்ச நாளில் நடுவில் கறுத்து அழுகுகிறது

மேல்மலையில் இதுதான் பெரிய தொல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் விரலை வைத்துப் பாருங்கள். நடுக்குருத்து கறுத்து, அழுத்தினால் குழைந்து, ஊறப்போட்டு மறந்த பயறு மாதிரி நாற்றம் அடித்தால் அழுகல். கறுப்பாக இருந்தும் கெட்டியாக, வாசனை இல்லாமல் இருந்தால் பழைய செத்த தண்டு, விட்டுவிடலாம்.

கிண்ணத்திலேயே வைத்திருக்கிறீர்களா? தண்ணீரில் விரிந்ததும் அழகாக இருக்கிறது என்று ஷோகேஸ் கிண்ணத்தில் அப்படியே விட்டுவிடுவது. தினமும் தண்ணீர் மாற்றினால் ஒரு வாரம் தாங்கும். அதற்குமேல் எடுத்துக் காயவையுங்கள். கிண்ணத்தில் செடி நிற்கும் உயரத்துக்குத் தண்ணீர் தேவையே இல்லை, கூழாங்கல் பரப்பி அதன் இடுக்குகளில் மட்டும் தண்ணீர் நின்றால் போதும்.

காயவைத்தும் காயவில்லையா? அக்டோபர், நவம்பரில் கொடைக்கானலில் துணியே காயாது. செடியை வெளியே திண்ணையில் வைத்துவிட்டு "ஒரு வாரமாகக் காயவைத்திருக்கிறேன்" என்றால், செடி ஒரு வாரமாக மேகத்தில் நனைந்துகொண்டு இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். சமையலறையில் அடுப்புச் சூடு படும் மேல்தட்டு நல்ல இடம். காகிதத்தில் போட்டு, கிளை நுனி கீழே பார்க்கிற மாதிரி தலைகீழாக வைத்தால் நடுவில் தேங்கிய தண்ணீர் வடிந்துவிடும். அதற்காகக் கணப்புக்குப் பக்கத்தில் வைத்தோ ஹேர் டிரையர் பிடித்தோ ஒரே மணி நேரத்தில் காயவைக்கவும் கூடாது. படபடவென்று காய்ந்தால் அடுத்த தடவை எழும்போது அடிபட்டுத்தான் எழும். இரண்டு மூன்று நாள் இழுத்துக் காய்வதுதான் அதற்குப் பழக்கம்.

தொட்டியில் ஓட்டை இருக்கிறதா? பீங்கான் தொட்டிகளில் பாதிக்கு ஓட்டை இருக்காது. மேலே ஜல்லி காய்ந்திருக்கும், அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் நிற்கும். தொட்டியைச் சாய்த்துப் பாருங்கள், வேறு சோதனை வேண்டாம்.

கலவை என்ன? நர்சரியில் மற்றச் செடிகளுக்குப் போடும் அதே செம்மண், கோகோபீட், மண்புழு உரம் கலந்து நட்டிருந்தால் நம் ஊர் குளிரில் அது மாதக்கணக்கில் ஈரம் பிடித்து வைத்திருக்கும். வெளியே எடுத்து வேர்களைக் கழுவி மாற்றுங்கள். நான் போடுவது இரண்டு பங்கு பேபி ஜல்லி, ஒரு பங்கு பெருமணல், அரைப் பங்கு உடைத்த அடுப்புக்கரி, மேலே ஒரு கைப்பிடி மக்கிய இலை. எம்-சாண்ட் போடுவதாக இருந்தால் நன்றாக அலசி மாவு போகவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் அந்த மாவு கீழே இறங்கிச் சிமென்ட் போட்ட மாதிரி அடைத்துக்கொள்ளும். தொட்டி ஆழம் தேவையில்லை, அகலமான தட்டுத் தொட்டி போதும். தண்டைப் புதைக்கக் கூடாது, கல்மேல் படுக்கவைத்து வேரை மட்டும் இடுக்கில் செருகினால் பிடித்துக்கொள்ளும்.

அழுகல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது? ஓரக் கிளைகள் மட்டும் என்றால் கூர்மையான கத்தரியால் கெட்டியான இடம் வரை வெட்டிவிட்டு முழுதாகக் காயவிடுங்கள், பெரும்பாலும் பிழைக்கும். கொத்துச் செடியில் படரும் தண்டின் ஒரு பக்கம் அழுகி மறுபக்கம் நன்றாக இருந்தால் நல்ல பக்கத்தைத் தனியே வெட்டி எடுத்து நடலாம். மெக்சிகோ உருண்டையில் அந்த வசதி இல்லை, அதன் எல்லாக் கிளையும் ஒரே நடுவிலிருந்து வருவதால் நடு போனால் செடி போனது. பூஞ்சணக்கொல்லி கேட்கிறார்கள். ஈரம் குறையாமல் மருந்து அடித்துப் பிரயோஜனம் இல்லை, ஈரம் குறைந்துவிட்டால் மருந்து தேவைப்படுவதும் இல்லை.

## வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது

மூன்றில் ஒன்றுதான். எலுமிச்சம்பழம் இருந்தால் இங்கேயே பிரித்துவிடலாம்.

வெள்ளைமேல் ஒரு சொட்டுச் சாறு விட்டதும் நுரைத்தால் உப்புப்படிவு. மலையில் இது குறைவு, கீழே வத்தலக்குண்டு, பெரியகுளம் பக்கம் போர் தண்ணீர் ஊற்றி வளர்த்துவிட்டு மேலே கொண்டுவருபவர்களின் செடியில் வரும். மழைத்தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள், இனிமேலும் மழைத்தண்ணீரே ஊற்றுங்கள். இவ்வளவு மழை பெய்கிற ஊரில் ஒரு வாளி வெளியே வைக்கச் செலவா?

நுரைக்காமல், மயிர்மயிராகக் கிளைகளுக்கு நடுவே படர்ந்திருந்தால் பூசணம். அதுவும் ஈரத்தால்தான். பழைய டூத்பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் காயவிடுங்கள். கண்ணாடி டெரேரியத்துக்குள் வைத்திருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். டெரேரியம் இந்தச் செடிக்கு வீடு இல்லை, யார் படம் போட்டிருந்தாலும் சரி.

கிளைக்கவட்டில் சின்னச் சின்ன உருண்டையாக ஒட்டி, ஊசியால் நோண்டினால் நகர்ந்தால் மாவுப்பூச்சி. பக்கத்தில் கள்ளிச்செடிகள் இருந்தால் அங்கிருந்து வந்திருக்கும். ஒரு சொட்டுச் சோப்புத் தண்ணீரில் பஞ்சு நனைத்துத் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசினால் போதும்.

## நுனி வெளுக்கிறது, மஞ்சளாகிறது, கருகுகிறது

வெயில். பாறைச்செடிதானே, வெயில் தாங்காதா என்று கேட்பார்கள். சுருண்டு கிடக்கும்போது தாங்கும். விரிந்து ஈரமாக இருக்கும்போது உச்சி வெயில் பட்டால் வெளுக்கும். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம், ஊட்டி அதற்கும் கொஞ்சம் மேலே. குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று நினைக்கும் பத்து மணி வெயில் உண்மையில் கடுமையானது. காலை வெயில் மட்டும் படும் கிழக்குச் சுவரோரம் அல்லது நிழல்வலை அடியில் வையுங்கள். வெளுத்த நுனி மறுபடி பச்சையாகாது, புதிதாக வருவது பச்சையாக வந்தால் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உறைபனி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, வானம் தெளிந்த ராத்திரியில் புல்வெளி வெள்ளையாகும் இடங்களில் இருப்பவர்களுக்கு இது. காலையில் நுனிகள் தண்ணீர் கோத்த மாதிரி கறுத்துத் தொங்கினால் பனிதான் அடித்திருக்கிறது. ஈரமான செடியைத்தான் பனி பிடிக்கும். அதனால் நான் மழை முடிந்ததும் செடியை முழுக்கக் காயவைத்து, அட்டைப்பெட்டியில் போட்டு வீட்டுக்குள் வைத்துவிடச் சொல்கிறேன், மார்ச்சில் எழுப்பிக்கொள்ளலாம். வளரும் செடியைப் பெட்டியில் போடுவதா என்று பதறுவார்கள். தன் சொந்த ஊரில் அது மாதக்கணக்கில் பாறைமேல் அப்படித்தான் கிடக்கிறது.

உரம். ஆட்டுப்புழுக்கை, மண்புழு உரம், டிஏபி, எதுவாக இருந்தாலும் சரி, நுனி கருகுவதற்கு முந்தின வாரம் ஏதாவது போட்டீர்களா என்று யோசியுங்கள். போட்டிருந்தால் தொட்டியை ஒரு வாளி மழைத்தண்ணீரால் நன்றாக அலசிவிடுங்கள். இந்தச் செடிக்கு உரமே வேண்டாம், மக்கிய இலை தருவது போதும்.

## தொட்டி ஈரமாக இருந்தும் சுருண்டுகொள்கிறது

ஜனவரி, பிப்ரவரியில் காற்று வறண்டு வீசும்போது இலைப்பக்கம் காய்ந்து சுருளும். காலையில் ஸ்பிரேயரால் நன்றாக நனைத்துப் பாருங்கள், மதியத்துக்குள் விரிந்தால் ஒன்றுமில்லை. இது தண்ணீரை வேரால் மட்டும் எடுப்பதில்லை, கிளை வழியாகவும் எடுக்கும்.

தெளித்தும் அரைகுறையாகவே நின்றால் அடித்தண்டைப் பிடித்து லேசாக இழுங்கள். பிடிப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். கையோடு வந்துவிட்டால் வேர் அழுகியிருக்கிறது, மேலே அழுகல் தலைப்பில் சொன்ன கலவைக்கு மாற்றுங்கள். வேர் முழுதும் போயிருந்தாலும் தண்டு கெட்டியாக இருந்தால் புது வேர் விட வாய்ப்பு உண்டு, அந்த மழைக்காலம் முழுக்க ஆகலாம்.

இன்னொன்று, தினமும் விரிய வைத்து மாலையில் காயவிட்டு, மறுநாள் மறுபடி விரிய வைத்து, விருந்தாளிகளுக்குக் காட்டுவது. ஒவ்வொரு தடவை சுருண்டு எழவும் செடி தன் சேமிப்பில் இருந்து செலவழிக்கிறது. எழுப்பினால் சில வாரமாவது வளரவிடுங்கள், காயவைத்தால் சில வாரமாவது தூங்கவிடுங்கள்.

## காயவிட்டேன், திரும்பி வரவே இல்லை

காரணம் ஒன்று, ஆள் மாறிவிட்டது. செலாஜினெல்லாவில் 700க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவை ஈரக்காட்டுச் செடிகள். சோலை ஓடை ஓரமும் மலைப்பாதையில் தண்ணீர் கசியும் மண்சுவரிலும் பார்க்கிறீர்களே, அவை வேறு. தரைமூடியாக நர்சரிகளில் விற்கும் செலாஜினெல்லா கிராசியானா ஆப்பிரிக்காவில் இருந்து வந்தது, அதுவும் ஈரம் கேட்கும் செடி. இவற்றைக் காயவிட்டால் காய்ந்தது காய்ந்ததுதான். சுலபமான அடையாளம்: காயும்போது நிஜச் சஞ்சீவி ஒழுங்காக உள்பக்கம் சுருளும், இவை அப்படி இல்லாமல் கசங்கி, தாறுமாறாக நொறுங்கும்.

காரணம் இரண்டு, ஆள் சரிதான், ஆனால் அழுகின நிலையிலேயே காயவைத்திருக்கிறீர்கள் அல்லது பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்திருக்கிறீர்கள். நம் ஊரில் பிளாஸ்டிக் கவருக்குள் எதுவும் காய்ந்தபடியே இருக்காது. காகிதப் பை அல்லது அட்டைப்பெட்டிதான்.

## உயிரோடு இருக்கிறது, ஆனால் வளரவே இல்லை

வெளிச்சம் போதாமல் இருக்கலாம். டிவி மேசையில் வைத்திருந்தால் ஜன்னலுக்கு மாற்றுங்கள். குளிர் மாதங்களில் வளராது, அது இயல்பு. இதைத் தாண்டி, இது இயல்பிலேயே மெதுவான செடி. வருடத்துக்குச் சில கிளை புதிதாக வந்தாலே சந்தோஷப்பட வேண்டும். கலவையின்மேல் பச்சைப்பாசி படர்ந்து அதை வளர்ச்சி என்று நினைத்துப் படம் அனுப்புகிறார்கள். அது ஈரம் அதிகம் என்பதற்கு அடையாளம், சுரண்டி எடுத்துவிட்டுத் தண்ணீரைக் குறையுங்கள்.

அதிகமாக்க விதை தேடுகிறீர்களா? சஞ்சீவிக்கு விதை கிடையாது. இது பூக்காத, காய்க்காத கூட்டம், பெருகுவது வித்துத்தூளால். "சஞ்சீவி விதை" என்று பாக்கெட் போட்டு யார் விற்றாலும் உள்ளே இருப்பது வேறு ஏதோ. கொத்துச் செடியில் படரும் தண்டை, ஒவ்வொரு துண்டிலும் கிளையும் கொஞ்சம் வேரும் இருக்கிற மாதிரி வெட்டி, ஜூன் மழைக்கு முன்னால் நட்டுவையுங்கள். அதுதான் வீட்டில் செய்யக்கூடிய வழி.

## ஊறின தண்ணீரைக் குடிக்கலாமா?

செடிக்கு வந்த கோளாறு இல்லை, ஆனாலும் எல்லாரும் கேட்பார்கள். வட இந்தியாவில் நாட்டு வைத்தியத்தில் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மை. உங்கள் கையில் இருப்பது எந்த மூட்டையில் என்ன பூச்சிமருந்தோடும் சாயத்தோடும் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. குடிக்காதீர்கள். உடம்புக்கு முடியவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள், நர்சரிக்காரரை அல்ல.

## எப்போது விஷயம் தெரிந்தவர்களிடம் போவது

ஒரு செடி, ஒரு தொட்டி என்றால் மேலே சொன்னதைத் தாண்டிச் செலவு செய்வதில் அர்த்தமில்லை. செடியின் விலையை விட வண்டிச் செலவு அதிகமாகும். ஆனால் ரிசார்ட், பங்களா தோட்டங்களில் பாறைத்தோட்டம் அமைத்து நிறைய நட்டிருந்து, அழுகல் ஒரு பாத்தியில் இருந்து அடுத்த பாத்திக்குத் தாவினாலோ, கலவை மாற்றிய பிறகும் வேரில் முடிச்சு முடிச்சாக வந்தாலோ நீங்களாகக் கண்ட மருந்தை வாங்கி அடிக்காதீர்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள் ஊட்டி, கொடைக்கானல், கீழ்மலையில் தடியன்குடிசை ஆகிய இடங்களில் இருக்கின்றன. என்ன செடி என்பதிலேயே குழப்பம் என்றால் பக்கத்துக் கல்லூரித் தாவரவியல் துறையில் காட்டுங்கள், பெரணி பற்றித் தெரிந்த ஆசிரியர் ஒருவர் இருந்தால் நடுவரிசை இலையைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார்.

போகும்போது செத்த செடியை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். பாதி கெட்ட செடி ஒன்று, நன்றாக இருப்பது ஒன்று, இரண்டையும் வேரோடும் கலவையோடும் தனித்தனிக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். என்ன தண்ணீர், கடைசியாக என்ன உரம், எப்போது முதலில் தெரிந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவைத்துக் கொடுத்தால் அவர்கள் கேட்கும் முதல் மூன்று கேள்வி மிச்சம்.

செடி போய்விட்டது, மாற்றுச் செடி வேண்டும் என்று காட்டுக்குள் பாறை தேடிப் போக வேண்டாம். காய்ந்த பாறையில் வளரும் நம் பக்கத்து இனங்களும் உண்டு, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கும் செலாஜினெல்லா வைட்டியை அதில் ஒன்று. ஆனால் தரையோடு ஒட்டிப் படரும் அந்தச் சின்னச் செடியைப் பெயர்த்தால் பாறையில் இருப்பதும் போகும், உங்கள் தொட்டியிலும் பிழைக்காது. இந்த மலையில் ஒரு பெரிய பகுதி 2013லேயே கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாகிவிட்டது. அனுமதி இல்லாமல் உள்ளே செடி பறித்தால் வனத்துறை வழக்குப் போடும், அப்போது நீங்கள் கூப்பிட வேண்டியது வக்கீலை. தொட்டியில் வளர்த்துப் பிரித்த துண்டு யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள், மே மாதக் கடைசியில் கேட்டால் கிடைக்கும்.